உச்சி

பாசையூர்ச் சந்தைக்குப் பின்னால், ரவரின் அடியில்,
விடியப்புறம் ஐந்து மணி.
அலைக்கற்றை அளவியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
மூடியில் நேற்றைய இறால் மணம்.

கொழும்பிலிருந்து நேற்று வந்த அழைப்பு:
"பக்கத்து அலைவரிசைக்காரன் முறைப்பாடு போட்டிருக்கிறான்.
உங்கட சத்தம் அவன்ர காணிக்குள்ள விழுகுதாம்."
காணி என்றுதான் சொன்னார்.
வேலிக்காகக் கோட்டுப்படி ஏறும் ஊரில் பிறந்தவளிடம்.

ஆயிரத்து இருநூறு துணையலைகள்.
நடுவில் ஒரு கிடுகு கூட இல்லாமல் நெருக்கி நிற்பவை.
ஒன்று நிமிரும் புள்ளியில்
மற்றவை எல்லாம் சுழியம்.
வரைபடத்தில் அவ்வளவு நாகரிகம்.

நேரத்துக்குள் இறங்கினால் கதை வேறு.
அத்தனை பேருக்கும் ஒரே கம்பி.
அநேகமாக ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு
முணுமுணுப்பாய்ப் போகும்.
எப்போதாவது ஒரு கணம்
பாதிக்கு மேல் ஒரே பக்கம் சாயும்.
சராசரியின் பத்து மடங்கு
ஊசிபோல் எழும்பி, திரையில் பார்க்க முதல்
இல்லாமற் போகும்.

"பெருநாள் சனமோ, மிஸ்?"
இடுப்புப் பட்டியை இறுக்கிக்கொண்டே றெஜினோல்ட் கேட்டான்.
இல்லை. சனம் தேவையில்லை.
ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு
'சாப்பிட்டாச்சு' என்று அனுப்பினாலே போதும்.
அந்தச் சொல் எப்படி அடுக்குப்படுகிறது
என்பதில் இருக்கிறது எல்லாம்.

பெருக்கிதான் பாவம்.
அந்த ஒரு கணம் வந்தாலும் வரும் என்று
மற்ற எல்லாக் கணமும் குனிந்தே நிற்கிறது.
நூறு வாற்று வாங்கி
இருபத்தைந்தை வானுக்குக் கொடுத்துவிட்டு
மிச்சத்தை முதுகில் சூடாய்ச் சுமக்கிறது.
அலுமினியச் செதில்களில்
இரண்டு பல்லிகள் குளிர் காய்கின்றன.
டீசல் காசு அவைக்குத் தெரியாது.

நிமிர விட்டால் உச்சி கூரையில் இடித்து நசியும்.
நசிந்த அலை நசிந்த இடத்தில் நிற்காது,
பக்கத்து வளவுக்குள் சிதறும்.
யாரோ திறனைக் கூட்டியிருக்கிறார்கள் என்று
அறிக்கையில் எழுதத் தொடங்கி அழித்தேன்.
நான்தான்.
போன மாதம். கொழும்புத்துறை முனையில்
கடலுக்குப் போன மனிசனோட கதைக்கேலாமல் கிடக்கு என்று
பிலோமினா வந்து சண்டை பிடித்த அன்று.

சந்தையில் ஏலம் தொடங்கிவிட்டது.
விளைமீன். ஒட்டி. ஒரு கூடை கணவாய்.
ஆளுக்கொரு விலை, ஆளுக்கொரு மூச்சு,
கூறுகிறவருக்கு எல்லாம் கேட்கிறது.
பாரைக்கு மட்டும் பதினைந்து வாயும்
ஒரே நேரம் திறந்தன.
அவர் காது அடைத்து
யாருமே சொல்லாத ஒரு விலையைச் சொன்னார்.
தள்ளுப்பாடு அடுத்த பலகைக்கும் போனது,
அங்கே நண்டு விற்றவள் ஒரு பாவமும் அறியாள்.

மென்பொருளில் ஒரு வழி உண்டு.
வெறுமையாய்க் கிடக்கும் துணையலைகளில் சிலதுக்கு
செய்தி எதுவும் கொடுப்பதில்லை.
உச்சி எழும் திசைக்கு எதிராய்ச் சாய்வது மட்டும் வேலை.
அவை சொன்னதை யாரும் வாசிக்கப்போவதில்லை.
இருபத்தெட்டை ஒதுக்கினேன்.
திறனையும் கொஞ்சம் இறக்கினேன்.
திரையின் இரு கரையிலும் படர்ந்திருந்த புல்
மெல்லத் தாழ்ந்தது.

உச்சியில் இருந்து றெஜினோல்ட் ஏதோ கத்துகிறான்.
ஏலச் சத்தத்தில் விளங்கவில்லை.
போனை எடுத்தேன்.
இந்தச் சின்னச் சாமானுக்கு ஊசி உச்சிகள் கட்டாது,
ஒரு பற்றரிதான் அதன் சொத்து.
அதனால் மேலே போகும் பேச்சை
ஒற்றை அலைபோல் பின்னித்தான் அனுப்பும்.
"சரியோ?"
"சரிதான் மிஸ். காத்து மட்டும் பலம்."

வேலி சரி. முறைப்பாட்டை மூடலாம்.
கொழும்புத்துறை முனையில் ஒரு கோடு குறையும்.
பிலோமினா நாளைக்கு வருவா.